லேபிள் இல்லாத ஃப்ளக்ஸ்: ரோசினா, ஆசிடா?

கிருஷ்ணகிரி பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு சர்வீஸ் பண்ற அண்ணன்மார் கொஞ்சம் பாருங்க. ஃப்ளக்ஸ்னு (சால்டர் பிடிக்கத் தடவுறது) லூஸ்ல வாங்கின மஞ்சள் பேஸ்ட். 60/40 ஈயம் (சால்டர்) தண்ணி மாதிரி ஓடுது, ஆனா பத்தே நாள்ல ரிலே கால்களைச் சுத்திப் பச்சை பூக்குது.

ரோசின்னா (பைன் மரப் பிசின்) ஐபிஏல (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கரையணும். இது பாதிகூடப் போகல, பிசுபிசுன்னு நிக்குது. வெந்நீர்ல குலுக்கி, அந்தத் தண்ணியில நீல லிட்மஸ் வெச்சா சிவக்குது. வாஸ்லின்ல ஜிங்க் குளோரைடு கலந்த, தகர வேலைக்கான பேஸ்ட்டுனுதான் தோணுது. சரியா?

ஏற்கனவே வெச்ச போர்டுகளை எப்படிக் கழுவுறது? முதல்ல தின்னர், அப்புறம் வெந்நீர், கடைசியா ஐபிஏ போதுமா? ரிலே சீல் இல்லாதது, முக்க முடியாது. அதைக் கழட்டித்தான் ஆகணுமா?

ஆர்எம்ஏ ஃப்ளக்ஸ் (மிதமா ஆக்டிவேட் பண்ணின ரோசின்) 50 கிராம் ஓசூர்லயோ தருமபுரியிலயோ லேபிளோட எங்க கிடைக்கும்?