மறு: ‘லீன்’ கலவைக்குத் தமிழில் என்ன? ‘ஐதான’ சரிவருமா?

வணக்கம்.

‘லீன்’ கலவை, அதாவது பெட்ரோலுக்குக் காற்று விகிதத்தில் மிகுந்துபோன கலவை, அதற்கு நம் மோட்டார்சைக்கிள் கையேட்டில் எந்தத் தமிழ்ச்சொல் போடலாம் என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். காரணம், விவாதத்துக்குரிய பொருளே சிங்கப்பூரில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. பழைய ஹோண்டா பான்டம் மோட்டார்சைக்கிள், 200 சிசி, தாய்லாந்தில் செய்தது. நேற்றுத்தான் சரியானது. இப்போது எழுதலாம்.

> ‘நீர்த்த கலவை’ போதுமே. பள்ளியில் நீர்த்த அமிலம் என்று படித்ததுதானே?

படித்ததுதான். ஆனால் அமிலத்தில் சேர்வது தண்ணீர், இங்கே பெட்ரோலோடு சேர்வது காற்று. வெறும் பொருத்தக் குறை என்றால் விட்டுவிடலாம். பெட்ரோலில் தண்ணீர் கலப்பது பழைய வண்டிக்கு வரும் தனி நோய். மழைத்தண்ணீர் டேங்க் மூடி வழியாக இறங்கி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாக உருண்டு கிடக்கும். நம் கையேட்டில் ‘கலவை நீர்த்துவிட்டது’ என்று படிப்பவர் நேராகப் போய்க் கிண்ணத்தைத்தான் வடிப்பார். தவறு அவர் மேல் இல்லை.

> ‘வறிய கலவை’, எதிர்ச்சொல் ‘வளமான கலவை’.

பிரெஞ்சுக்காரர்கள் இப்படித்தான் ஏழை, பணக்காரன் என்கிறார்கள். ஜெர்மன்காரர்களுக்கு ஒல்லி, கொழுப்பு. அவர்கள் மொழியில் அது ஊறிப்போனது. தமிழில் ‘வளமான’ என்றாலே நல்லது என்றுதான் காதில் விழும். பிளக்கில் கரி அப்பி, பின்னால் கறுப்புப் புகை கக்குகிற வண்டியை வளமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

> காப்பிக்கடையில் தே காவ் (கடுந்தேநீர்), தே போ (சாயம் குறைந்த தேநீர்) என்கிறோமே, அதையே எடுத்துக்கொண்டால்?

சிரித்துவிட்டேன். போக மறுக்கிற வண்டிக்குப் ‘போ’ என்று பெயர்! ஆனால் இந்தக் குறும்பில் ஒரு விஷயம் இருக்கிறது. ‘தே போ’ கேட்பவர் தேயிலை குறைந்ததா, தண்ணீர் கூடியதா என்று சொல்வதில்லை. விகிதத்தில் சாயம் குறைவு, அவ்வளவுதான். நமக்கும் அப்படிப்பட்ட சொல்தான் வேண்டும். ஏன் என்பதை என் வண்டியை வைத்தே சொல்கிறேன்.

காலையில் சோக் (காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது) இழுத்தால்தான் கிளம்பும், அது பழக்கம்தான். ஆனால் ஈசூனிலிருந்து காக்கி புக்கிட் போய்ச் சேர்ந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், சோக்கை உள்ளே தள்ளினால் இருமியது. பாதி இழுத்து வைத்தால் ஒழுங்காக ஓடியது. த்ராட்டிலை விட்டால் புகைபோக்கியில் பட் பட் என்று வெடி. எரியாமல் போன கலவை அங்கே போய்ப் பற்றிக்கொள்கிறது. சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், உடனே இறங்காது. யோசித்து யோசித்து இறங்கும். பிளக்கைக் கழற்றினால் முனை வெளிர் பழுப்பாக இருக்க வேண்டியது, சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை.

பட்டறைக்காரர் மலாய்க்காரர், நான் பாக்சிக் (மாமா) என்று கூப்பிடுகிறவர். பார்த்ததும் “ஆங்ஙின் மாசோக்” என்றார். காற்று உள்ளே போகிறது. பக்கத்தில் நின்ற அண்ணன் அதையே, “காத்து இழுக்குது தம்பி” என்றார். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயைச் சுற்றி, கார்ப் கிளீனரைப் பொட்டுப் பொட்டாக அடித்தார்கள். (சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் செய்கிறவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.) ஓர் இடத்தில் அடித்ததும் அது உள்ளே இழுபட்டு இன்ஜின் சத்தம் மாறியது. ரப்பரை வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் விரிசல்.

ரப்பரை மாற்றியாயிற்று. முக்கால்வாசி சரி. ஆனால் மெதுவாகப் போகும்போது இருமல் நிற்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னப் பித்தளை முனையான பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பாதி அடைத்திருந்தது. வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் பெட்ரோல் வற்றிப் பிசினாகிவிடும். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும் என்பதால் ஊறப்போட்டு, காற்றடித்து எடுத்தோம்.

ஆக ஒரே நோய், காரணம் இரண்டு. ஒன்றில் காற்று கூடியது, மற்றதில் பெட்ரோல் குறைந்தது. ‘காற்றுமிகு கலவை’ என்றால் ஜெட்டைப் பார்க்கத் தோன்றாது. ‘எரிபொருள் குறை கலவை’ என்றால் ரப்பரைப் பார்க்கத் தோன்றாது. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்த விகிதம் காற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்கிற சொல் வேண்டும், காரணத்தைச் சொல்லாத சொல்.

என் தேர்வு ‘ஐதான’. இலங்கைப் பாடப்புத்தகங்களில் ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்றுதான் வரும். ஐது என்றால் நெருக்கமில்லாதது, அடர்த்தி குறைந்தது. தண்ணீரும் இல்லை, ஏழ்மையும் இல்லை. எதிர்ச்சொல்லாகச் ‘செறிந்த’ ஏற்கெனவே கையில் இருக்கிறது. வினையாகவும் வளைகிறது: கலவை ஐதாகிவிட்டது, வண்டி ஐதாக ஓடுகிறது, ஐதாக்காதே. இது எனக்கு முக்கியம். பட்டறையில் யாரும் ‘லீன் மிக்ஸ்சர்’ என்று பெயர்ச்சொல்லாகப் பேசுவதில்லை, “லீனா ஓடுது” என்றுதான் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கும், தெரியும். அந்த அண்ணனிடமே சொல்லிப் பார்த்தேன். “ஐந்தா? எது ஐந்து?” என்றார். இரண்டாம் தடவை புரிந்தது. நான்காம் தடவை அவரே சொன்னார், கிண்டலாகத்தான்.

> சாகப்போகிற கார்புரேட்டருக்கு எதற்குச் சொல்?

2003 ஜூலைக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு இங்கே 2028 ஜூன் 30 வரைதான் சாலை, உண்மை. ஆனால் கலவை ஐதாவது கார்புரேட்டரோடு போய்விடாது. கார்களில் வரும் பி0171 என்ற பிழைக்குறி இதையேதான் சொல்கிறது.

அப்புறம், ‘காற்றுக் கசிவு’ வேண்டாம். கசிவு என்றால் வெளியே போவது. இங்கே காற்று உள்ளே வருகிறது. அண்ணன் வாயில் வந்ததையே ‘காற்றிழுப்பு’ என்று எழுதலாம். இழுப்பு என்றால் மூச்சிரைப்பும்தான். வண்டியின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை: ‘கலவைத் திருகு’, கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்கிற திருகு. பொதுவாக இது இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளக்கும். வெளியே திருகினால் கலவை செறியும். காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் காற்றை அளக்கும். வெளியே திருகினால் ஐதாகும். ஒரே பெயர் வைத்தால் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் திருகுவார்கள். ஒன்று ‘காற்றுத் திருகு’, சரி. மற்றதை ‘எண்ணெய்த் திருகு’ என்று எழுதினேன், பிறகு அழித்தேன். சிங்கப்பூரில் எண்ணெய் ஊற்றுவது என்றால் பெட்ரோல். மதுரையில் படிப்பவர் இன்ஜின் ஆயிலை வடித்துவிடுவார். ‘பெட்ரோல் திருகு’ என்றே விட்டுவிடலாமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?