கேம்பல் என்ற குடும்பப் பெயர்: ரத்தம் பரப்பியதா, அதிகாரம் பரப்பியதா?

வேர்தேடி:
ஸ்காட்லாந்தில் மிகுதியாகக் காணப்படும் முதல் பத்துக் குடும்பப் பெயர்களுக்குள் கேம்பலும் வரும். அதே பட்டியலில் இருக்கும் ஸ்மித், பிரௌன் போன்றவை தொழிலையோ நிறத்தையோ வைத்து ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்த பெயர்கள். கேம்பல் அப்படியல்ல. மேற்குக் கரையில் உள்ள ஆர்கைல் பகுதியின் ஒரே குலத்துக்கு உரியது. ஆகவே இன்று எந்த நாட்டில் ஒரு கேம்பல் இருந்தாலும் அவர் அந்தக் குலத்தின் கிளை என்பதே என் வாதம். பெயரின் பொருளும் அழகானது: ‘காம்போ பெல்லோ’, அதாவது அழகிய வயல். பிரான்சிலிருந்து வந்த நார்மன் வீரர்களோடு வந்த பெயர் என்று பழைய குலவரலாறுகள் சொல்கின்றன.

செங்காந்தள்:
முதலில் அந்த வயலை விட்டுவிடுவோம், வேர்தேடி. அது பின்னால் கட்டிய கதை. பிரெஞ்சு மொழியில் அழகிய வயலுக்கு ‘போஷாம்’ என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நார்மன் குடும்பமும் உண்டு, அவர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. கேம்பல் பெயர் 1263இல் ஆவணத்தில் வரும்போது ‘கில்லெஸ்பிக் காம்பெல்’ என்றுதான் இருக்கிறது. ஊர்ப்பெயரைக் குறிக்கும் ‘டி’ என்ற முன்னொட்டு இல்லை. இன்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் நிற்கும் ‘பி’ (p) எழுத்தும் இல்லை. லத்தீன் சாயம் பூசியபோது அது உள்ளே நுழைந்தது.

ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் ‘காம்’ என்றால் வளைந்த, ‘பியல்’ என்றால் வாய். கோணவாயன். முன்னோன் ஒருவனின் பட்டப்பெயர். இதில் இழிவு ஒன்றும் இல்லை. அதே மலைநாட்டின் கேமரன் குலப்பெயரை வளைந்த மூக்கு என்ற பொருளில்தான் விளக்குகிறார்கள்.

குறிஞ்சிவேந்தன்:
பொருளில் செங்காந்தள் பக்கம் நிற்கிறேன். ஆனால் பெரிய கேள்வி ‘ஒரே குலம்’ என்பதுதான். மூன்று செய்திகளை வைக்கிறேன், வேர்தேடி பதில் சொல்லட்டும்.

1603இல் அரசர் ஆறாம் ஜேம்ஸின் ஆட்சி மக்கிரெகர் என்ற பெயரையே தடை செய்தது. பெயரை வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் குலத்தவர் அக்கம்பக்கத்துப் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மக்கிரெகர்கூடத் தாயின் குடிப்பெயரான கேம்பலைப் பயன்படுத்தியவர். தடை முழுமையாக நீங்கியது 1774இல். இடைப்பட்ட தலைமுறைகளில் எத்தனை குடும்பங்கள் புதுப்பெயரிலேயே தங்கிவிட்டிருக்கும்!

அயர்லாந்தின் டைரோன் பகுதியில் ‘மாக் காமோயில்’ என்ற ஐரிஷ் குடும்பம் இருந்தது. ஆங்கிலப்படுத்தியபோது அவர்களில் பலர் கேம்பல் ஆனார்கள். ஆர்கைலோடு அவர்களுக்கு ரத்தத் தொடர்பே இல்லை.

மூன்றாவது, 1857இல் லக்னோ முற்றுகையை உடைத்த படைத்தளபதி காலின் கேம்பல். 1792இல் கிளாஸ்கோவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தபோது அவர் பெயர் காலின் மக்லைவர். படையில் சேர்க்கத் தாய்மாமன் கேம்பல் அழைத்துப்போனார். தலைமைத் தளபதி இவரையும் கேம்பல் என்று எழுதச் சொல்லிவிட்டார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. அந்தப் பெயரே நிலைத்தது.

வேர்தேடி:
மூன்றும் உண்மை. ஆனால் நீங்கள் குலம் என்பதை ரத்தம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். மலைநாட்டில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே நெடுங்காலம் எல்லோருக்கும் இருக்கவில்லை. ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்றுதான் அழைத்தார்கள். ஒரு தலைவனின் நிலத்தில் குடியிருந்து, அவன் கொடிக்குக் கீழ் போருக்குப் போய், அவன் காவலில் பிள்ளைகளை வளர்த்தவன் அந்தத் தலைவனின் பெயரைச் சொன்னான். அது பொய் அல்ல, உறவு. கேம்பல் தலைவர்கள் அந்தக் காவலைத் தரக்கூடியவர்களாக இருந்தார்கள். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் தோற்று ஓடிய நாட்களில் அவரோடு நின்றவர் நீல் கேம்பல். புரூஸ் தம் தங்கை மேரியை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அந்த விசுவாசத்தில் வளர்ந்த குடும்பம் 1457இல் ஆர்கைல் பிரபு பட்டமும் 1701இல் டியூக் பட்டமும் பெற்றது. மக்கள் விரும்பிச் சேர்ந்தார்கள் என்பதை மறுக்கக் கூடாது.

செங்காந்தள்:
விரும்பிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்கைல் தலைவர் வெறும் நிலக்கிழார் அல்லர். அங்கே பரம்பரை நீதி அதிகாரமும் அவர் கையில். 1747இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத்தான் அந்த உரிமையை எடுத்தது. குத்தகையும் தூக்குமரமும் ஒரே குடும்பத்திடம் இருக்கும்போது, குடியானவன் எடுத்துக்கொண்ட பெயரை ‘விருப்பம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1493இல் மக்டானல்டு குலத்தின் மேற்குத் தீவுகள் ஆட்சி பறிக்கப்பட்ட பிறகு கேம்பல் நிலம் எந்தத் திசையில் விரிந்ததோ அந்தத் திசையில்தான் பெயரும் விரிந்தது.

மழைக்காகம்:
கிளென்கோ படுகொலையை யாருமே சொல்லவில்லையே? விருந்தாளியாகத் தங்கிய வீட்டிலேயே கொன்றவர்களின் பெயர் அது. அங்கே ஒரு விடுதியில் ‘கேம்பல்களுக்கு இடமில்லை’ என்ற பலகையே உண்டு.

குறிஞ்சிவேந்தன்:
மழைக்காகம், அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். 1692 பிப்ரவரி 13. கிளென்லயன் ராபர்ட் கேம்பல் தலைமையில் வந்த அரசுப் படை ஏறத்தாழ இரண்டு வாரம் மக்டானல்டுகளின் வீடுகளில் உண்டு உறங்கி, விடியுமுன் 38 பேரைக் கொன்றது. பனியில் ஓடி இறந்தவர்கள் தனி. ராபர்ட்டின் உடன்பிறந்தார் வழி மகள் அந்தக் குடும்பத்துக்கே மருமகள்; அந்தத் துரோகத்தை எவராலும் கழுவ முடியாது. ஆனால் அது ஆர்கைல் பிரபுவின் பெயரால் அமைந்த அரசுப் படைப்பிரிவு. அதில் கேம்பல் பெயர்க்காரர்கள் சிறுபான்மை. திட்டம் தீட்டியவர் ஸ்காட்லாந்துக்கான செயலர் ஜான் டால்ரிம்பிள். உத்தரவில் அரசர் வில்லியமின் கையெழுத்து. 1695 விசாரணையில் பழி டால்ரிம்பிள் மேல் விழுந்தது, பதவியோடு போயிற்று. எந்த மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் இன்று கேம்பல் என்ற பெயருக்காக அந்தப் பழியைச் சுமத்துவது அநியாயம்.

டொராண்டோ தம்பி:
அண்ணன்மாரே, நீங்கள் எல்லோரும் ஸ்காட்லாந்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். இங்கே டொராண்டோவில் எனக்குத் தெரிந்த கேம்பல்கள் அனைவரும் ஜமைக்காக்காரர்கள். 2004, 2008 ஒலிம்பிக் 200 மீட்டரில் தங்கம் வென்ற வெரோனிகா கேம்பல் பிரௌன் ஜமைக்காவில் பிறந்தவர். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் சோல் கேம்பலின் பெற்றோரும் அந்தத் தீவினர்தான். வேர்தேடி அண்ணன் கணக்கில் இவர்களும் ஆர்கைல் குலமா?

பனாமாவில் ஸ்காட்லாந்து தொடங்கிய டேரியன் குடியேற்றம் 1700இல் நாசமானது. அதில் தப்பிய ஜான் கேம்பல் என்ற படை அதிகாரி ஜமைக்காவின் பிளாக் ரிவர் பகுதியில் தோட்டம் போட்டார். அவர் வழியாக உறவினர்கள் வந்தார்கள், அடிமை உழைப்பில் கரும்பு வளர்ந்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1786இல் அங்கே தோட்டக் கணக்கராகப் போக ஏற்பாடு செய்திருந்தார், கடைசியில் போகவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது அவ்வளவு சாதாரண வேலைவாய்ப்பு.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுக்கு அவர்கள் பெயர் மறுக்கப்பட்டது. ஞானஸ்நானத்திலோ விடுதலையின்போதோ உரிமையாளர், மேற்பார்வையாளர், சில இடங்களில் பெற்ற தந்தை, இப்படி யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் வந்து ஒட்டியது. 1838 ஆகஸ்ட் 1இல் முழு விடுதலை. பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு உரிமையாளர்களுக்குப் போனது, உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

வேர்தேடி:
தம்பி, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவர்களில் சிலருக்கு ஆர்கைல் ரத்தமும் இருக்கும், அது எந்தக் கொடுமையில் கலந்தது என்பதும் தெரிந்ததே. ஆனால் ஒவ்வொரு ஜமைக்கக் கேம்பலும் எஜமானின் முத்திரையைச் சுமக்கிறார் என்று சொன்னால், விடுதலைக்குப் பின் அவர்கள் செய்த தேர்வை அழிக்கிறோம். விடுதலை பெற்றவர்கள் தாமாகவே தேர்ந்துகொண்ட பெயர்களும் உண்டு. ஏறக்குறைய 200 ஆண்டுகள் அந்தப் பெயரில் நிலம் வாங்கி, தேவாலயம் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அது கடன் வாங்கிய பெயர் அல்ல. ஆர்கைல்காரருக்கு எவ்வளவு உரிமையோ அவர்களுக்கும் அவ்வளவு.

டொராண்டோ தம்பி:
உரிமை பற்றி உங்களோடு சண்டையே இல்லை அண்ணா. நீங்கள் தொடக்கத்தில் எழுதிய ‘ஒரே குலத்தின் கிளை’ என்ற வரியோடுதான் சண்டை. அந்த வரி இருந்தால் 1603இல் பெயர் மாற்றியவர், டைரோன்காரர், கரும்புத் தோட்டத்தில் பெயர் பெற்றவர் மூவரும் காணாமல் போகிறார்கள்.

செங்காந்தள்:
சுற்றுலாக் கடைகளில் விற்கும் குலப்பெயர் அட்டைகளில் ‘கேம்பல்: வளைந்த வாய், ஆர்கைல், மறவாதே’ என்று மூன்றே செய்திதான் இருக்கும். ‘மறவாதே’ என்பது அந்தக் குலத்தின் சின்னத்தில் பொறித்த வாசகம். பிளாக் ரிவரும் அந்த அட்டையில் இடம் பெற வேண்டும் என்று நான் கேட்பேன். வேர்தேடி, நீங்கள் ஒப்புவீர்களா?

வேர்தேடி:
பிளாக் ரிவருக்கு ஒப்புகிறேன். ‘குலம்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். டைரோன் குடும்பங்களைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.