ஆல்விஸ் ஸ்டால்வர்ட்: தார் ரோட்டில் போனால் பெவல் பாக்ஸ் சூடாகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் பழைய ஸ்டால்வர்ட் ராணுவ லாரி ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆறு சக்கரம், தண்ணீரிலும் போகும். லீவு நாளில் நானும் கூட வேலை பார்க்கிறேன். சேற்று வயலில் பிரச்சினையே இல்லை. போன வாரம் தார் ரோட்டில் 20 கிலோமீட்டர் போனோம். வளைவில் வண்டி இறுகியது. நிறுத்திப் பார்த்தால் முன் பெவல் பாக்ஸில் (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் கியர் பெட்டி) கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆயில் சரியாக இருக்கிறது. பேரிங் போய்விட்டதா?

பதில் 1:
ஆறு டயரும் ஒரே தேய்மானமா?

கேட்டவர்:
இல்லை, பின்னால் இரண்டும் புதுசு.

பதில் 2:
அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இந்த வண்டியின் அமைப்பே அப்படி. இதில் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர், ஒன்றே ஒன்று, நடுவில். அது இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பிரிக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கத்து மூன்று சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், முடியாது. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, ஷாஃப்ட் முறுக்கேறும், அந்தச் சுமை பெவல் கியரில் இறங்கும். சலாடின், சராசன் கவச வண்டிகளிலும் இதே கதை, ஸ்டால்வர்ட் அவற்றின் அடித்தளத்தில் பிறந்ததுதான்.

கோவென்ட்ரியில் ஆல்விஸ் கம்பெனி 1959இல் சொந்தச் செலவில் இதைத் தொடங்கியது. 1966இல் ராணுவத்துக்கு வந்தது. ஜெர்மனியில் போர் வந்து பாலங்கள் தகர்ந்தால், 5 டன் குண்டும் பெட்ரோலும் ஆற்றைக் கடந்து டாங்கிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகச் செய்த வண்டி. ரோட்டுச் சவாரி அன்றைக்கு யார் மனதிலும் முதலில் இல்லை. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசே வராது.

சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் மெதுவாகத் தூக்குங்கள். முறுக்கு இருந்தால் சட்டென்று தானே சுற்றும். கிட்டே நிற்காதீர்கள்.

கேட்டவர்:
தூக்கினோம். தரையை விட்டதும் கால் சுற்று சுற்றியது! அப்புறம் என்ன செய்வது?

பதில் 2:
முதலில் ஆறும் ஒரே அளவு டயர். கண்காட்சிக்கு லோ லோடரில் (வண்டி ஏற்றும் தாழ்வான டிரெய்லர்) ஏற்றிப் போங்கள். ரோட்டில்தான் போக வேண்டும் என்றால், முன்னும் பின்னும் போகும் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி நடுச் சக்கரங்களால் மட்டும் ஓட்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலையில் ஆற்றில் இறக்கவே கூடாது. கரையேற ஆறு சக்கரமும் வேண்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. டயர் தேடத் தொடங்கிவிட்டோம்.