யூனிட்டெஸ்ட் டிஸ்கவர்: 3.12-க்கு மாறியதும் எக்சிட் கோட் 5

கேள்வி
பைதான் 3.11-இலிருந்து 3.12-க்கு மாறியதும் சிஐ (கோடை மாற்றும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) சிவப்பாகிவிட்டது. எக்சிட் கோட் (கமாண்ட் முடியும்போது திருப்பும் எண், 0 என்றால் வெற்றி) 5. ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரிலிருந்து டெஸ்ட் ஃபைல்களைத் தானே தேடி ஓட்டும் 'பைதான் -எம் யூனிட்டெஸ்ட் டிஸ்கவர்' ஓட்டுகிறோம். டெஸ்ட்ஸ்/பில்லிங் உள்ளே இன்வாய்ஸ்_டெஸ்ட்.பை, டாக்ஸ்-டெஸ்ட்.பை என்று இரண்டு ஃபைல். 3.11-இல் 'ஓகே' வந்ததே, இப்போது என்ன உடைந்தது?

பதில் 1
எதுவும் உடையவில்லை. பழைய லாக்கில் 'ஓகே'வுக்கு மேலே பாருங்கள், 'ரேன் 0 டெஸ்ட்ஸ்' என்று இருக்கும். ஒரு டெஸ்டும் ஓடாவிட்டாலும் முன்பு 0 திரும்பும், 3.12 முதல் 5. நல்ல மாற்றம் இது, பச்சையை நம்பி எத்தனை நாள் ஓட்டியிருப்பீர்கள்!

தடை இரண்டு. __இனிட்__.பை (ஃபோல்டரைப் பைதான் பேக்கேஜ் ஆக்கும் ஃபைல்) இல்லாத சப்-ஃபோல்டருக்குள் டிஸ்கவர் இறங்காது. டெஸ்ட்ஸ், பில்லிங் இரண்டிலும் அந்தப் பெயரில் காலி ஃபைல் ஒன்று வையுங்கள். அடுத்தது பெயர். எந்த ஃபைலை எடுப்பது என்று சொல்லும் டிஃபால்ட் பேட்டர்ன் டெஸ்ட்*.பை, அதாவது 'டெஸ்ட்' முன்னால் வர வேண்டும். டாக்ஸ்-டெஸ்டில் இருக்கும் ஹைஃபன் இன்னும் மோசம்: -பி கொடுத்து பேட்டர்னை மாற்றினாலும் அந்த ஃபைலைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், ஏனென்றால் அது இம்போர்ட் செய்யக்கூடிய மாட்யூல் பெயரே இல்லை. டெஸ்ட்_இன்வாய்ஸ், டெஸ்ட்_டாக்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்
அவசரத்துக்கு -எஸ் (தேடத் தொடங்கும் ஃபோல்டர்) டெஸ்ட்ஸ்/பில்லிங், -பி "*_டெஸ்ட்.பை" கொடுத்தேன். இன்வாய்ஸ் கிடைத்தது, ஆனால் அதிலிருக்கும் ரிலேட்டிவ் இம்போர்ட் (புள்ளி போட்டு, ஃபைல் இருக்கும் பேக்கேஜை வைத்து எடுப்பது), பேரண்ட் பேக்கேஜ் தெரியவில்லை என்று விழுகிறது.

பதில் 2
-டி (டாப் லெவல் ஃபோல்டர், அதாவது இம்போர்ட் பெயர்கள் தொடங்கும் இடம்) கொடுக்காவிட்டால் -எஸ் சொல்லும் ஃபோல்டரே டாப் லெவல் ஆகிவிடும். அதனால் அந்த ஃபைல் பேக்கேஜுக்குள் இல்லாத தனி மாட்யூலாக இம்போர்ட் ஆகிறது. இரண்டு புள்ளி போட்ட இம்போர்ட் மேலே ஏற இடமில்லை. கூடவே '-டி .' சேருங்கள். இதற்கும் அந்த __இனிட்__.பை இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் டைரக்டரியை இம்போர்ட் செய்ய முடியாது என்று எரர் வரும். பேட்டர்னைச் சுற்றி மேற்கோள் குறி போட்டது சரி. போடாவிட்டால் ஷெல்லே நட்சத்திரத்தை விரித்துவிடக்கூடும்.

பதில் 3
சரியானதும் -வி (ஓடிய ஒவ்வொரு டெஸ்டின் பெயரையும் காட்டும்) போட்டு, ஓடிய எண்ணிக்கையை நீங்கள் எழுதிய டெஸ்ட்களோடு ஒப்பிடுங்கள். ஒரே கிளாஸில் ஒரே பெயரில் இரண்டு மெத்தட் இருந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும், வார்னிங்கும் வராது. கிளாஸ் டெஸ்ட்கேஸிலிருந்து வந்ததா, மெத்தட் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு அசர்ட்டை (விடை சரியா என்று பார்க்கும் வரி) வேண்டுமென்றே தப்பாக்கி ஓட்டுங்கள். எந்த ஃபைல் சிவப்பாகவில்லையோ அது இன்னும் ஓடவில்லை.