லிக்விட் கூலிங் போட்டு நாலு மாதம்தான், சிபியு 86 டிகிரி போகிறது: பம்ப் போய்விட்டதா?

மரைஆணி:

கோவை கணபதியில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். பங்குனியில், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, என் மெஷினுக்குத் தண்ணீர் கூலிங் போட்டேன். அப்படியே எடுத்து மாட்டுகிற ஏஐஓ இல்லை. பம்ப், ரேடியேட்டர், பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி), டியூப் எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே கோத்தது. நாலு மாதம் ஜம்மென்று ஓடியது. இப்போது சரியில்லை.

மெஷினில் சிபியு ரைசன் 9 5900எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. இரண்டின் பிளாக்கும் நிக்கல் பூசிய செம்பு. மேலே ஒரு 360 மி.மீ. ரேடியேட்டர், முன்னால் ஒரு 240. பம்ப், வேகத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை மாற்றத் திருகு வைத்த டி5 மாடல். டியூப் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர், 10/16 அளவு.

கேபினெட் பழசு, தடித்த இரும்புத் தகடு. டிவிடி டிரைவ் கூண்டின் ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுத்தேன். மேல்தகட்டை கிரைண்டரில் வெட்டி 360 உட்கார இடம் பண்ணினேன். வெட்டிய ஓரத்துக்குக் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங். பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு நாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார், அவ்வளவு சத்தம்.

ரிசர்வாயர், அதாவது தண்ணீர் நிற்கும் தொட்டி மட்டும் கடையில் வாங்கவில்லை. அப்பாவுக்கு லேத் பட்டறை. முப்பது வருடமாக மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். 60 மி.மீ. அக்ரிலிக் குழாய்க்கு மேல்மூடி, கீழ்மூடி இரண்டையும் அலுமினிய ராடில் கடைந்து கொடுத்தார். ஒழுகாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையத்துக்கு (ஓ-ரிங்) பள்ளம், ஃபிட்டிங் மாட்ட கால் இன்ச் மரை எல்லாம் அவர் கைவேலை. கம்ப்யூட்டர்க்காரர்கள் ஜி1/4 என்று பெரிதாகச் சொல்வது பட்டறையில் தினமும் போடும் கால் இன்ச் பிஎஸ்பி குழாய் மரைதான், சிரித்துக்கொண்டே போட்டார். அப்புறம் கறுப்பு அனோடைஸ் பண்ணிவர வெளியே கொடுத்தோம். வந்தபோது மரை இறுக்கமாக இருந்ததால் நானே ஒருமுறை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுக்கொண்டேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்றுதான் கேட்கிறார்கள்.

ஊற்றியது பேட்டரி தண்ணீர், 5 லிட்டர் கேன். அழகுக்கு இரண்டு சொட்டு நீலச் சாயம். வேறு எதுவும் கலக்கவில்லை.

குறித்து வைத்த அளவுகள் இவை, இரண்டுமே ஒரு மணிநேர ரெண்டருக்கு (எடிட் செய்த வீடியோவை மெஷின் உருவாக்கித் தரும் வேலை) பிறகு எடுத்தவை. பங்குனியில் அறை 33, தண்ணீர் 44, சிபியு 72, கார்டு 57. நேற்று அறை 28, தண்ணீர் 39, சிபியு 86, கார்டு 68. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக அள்ளிக்கொண்டு வருகிறது, இருந்தும் இந்த நிலைமை. நீலம் மங்கித் தண்ணீர் சாம்பலாகத் தெரிகிறது. ரிசர்வாயர் அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ கிடக்கிறது. பம்பை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாலும் பழைய சுழல் இல்லை.

பம்ப் போய்விட்டதா? புதுசு வாங்குவதா? ஆடி என்பதால் கல்யாணம் இல்லை, பிரித்துப் போட நேரம் இருக்கிறது. ஆவணி பிறந்தால் மூச்சுவிட முடியாது.

---

ரிச்சிதெரு:

ப்ரோ, சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல பூசுற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இரண்டு பிளாக்கையும் கழற்றிப் புது பேஸ்ட் போடுங்க. அப்படியும் குறையலைன்னா பின்னாடி ஒரு 120 ரேடியேட்டர் சேர்த்துடுங்க. சிறுவாணித் தண்ணி குடிக்கிற ஊர்ல பேட்டரி தண்ணி எதுக்கு, அதையே ஊத்தியிருக்கலாமே 😄

---

மீன்தொட்டி:

மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, மூன்றுமே தப்பு. சிறுவாணி குடிக்கத்தான் அமிர்தம். உப்பு கலந்த எந்தத் தண்ணீரும் லூப்புக்கு, அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதைக்கு ஆகாது.

மரைஆணி, நீங்கள் அறை, தண்ணீர், சிப் மூன்றையும் குறித்து வைத்திருப்பதே பாதி வைத்தியம். கழித்துப் பாருங்கள். தண்ணீருக்கும் அறைக்கும் அன்றும் 11 டிகிரி வித்தியாசம், இன்றும் 11. அப்படியென்றால் ரேடியேட்டரும் ஃபேனும் தம் வேலையைச் செய்கின்றன, இன்னொரு ரேடியேட்டர் தண்டச் செலவு. சிபியுவுக்கும் தண்ணீருக்கும் அன்று 28, இன்று 47. கார்டுக்கும் தண்ணீருக்கும் அன்று 13, இன்று 29. சூடு சிப்பிலிருந்து தண்ணீருக்கு ஏறும் இடத்தில்தான் தடங்கல். பேஸ்ட் காய்ந்தது என்றால் ஒன்றில் காயும். இரண்டிலும் ஒரே நேரத்தில், இவ்வளவு தூரம் காயாது. பிளாக்குக்குள் செம்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. அதில் ஏதோ அடைத்திருக்கிறது.

உங்கள் மெஷின் முழு மூச்சில் ஓடினால் கார்டு 320 வாட், சிபியு 142 வாட். சேர்த்து 460 என்று வையுங்கள். நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் ஓடினால், ஒரு சுற்றில் தண்ணீர் இரண்டு டிகிரிகூட சூடேறாது. தண்ணீர் முதலில் போக வேண்டியது சிபியுவுக்கா கார்டுக்கா என்று ஆட்கள் சண்டை போடுவது வீண் என்பதும் இதனால்தான். ஆனால் அடைப்பு விழுந்து ஓட்டம் ஒரு லிட்டராகக் குறைந்தால் அதே தண்ணீர் ஆறரை டிகிரி ஏறும், தகடுகளுக்கு நடுவே ஓட்டமும் செத்துப்போகும். பம்ப் பாவம், அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எது அடைத்தது? உங்கள் பதிவிலேயே இருக்கிறது. அலுமினிய மூடி.

எனக்கு இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். 2004 வாக்கில் இதெல்லாம் நம்ம ஊர்க் கடையில் கிடையாது. மீன்தொட்டி பம்ப், கார் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு கொடுக்கும் குட்டி ரேடியேட்டர்), செம்புக் கட்டியில் துளை போட்ட பிளாக், அவ்வளவுதான். அமெரிக்காக்காரர்கள் 1977 பான்டியாக் பான்வில் காரின் ஹீட்டர் கோரைத் தேடித் தேடி வாங்குவார்கள், அது செம்பும் பித்தளையும். நான் காயலான் கடையில் கிடைத்த ஏதோ ஒரு காரின் கோரை மாட்டினேன். அது அலுமினியம். ஐந்தாவது மாதம் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. தண்ணீர் நேரே மதர்போர்டில்.

---

மரைஆணி:

அண்ணா, நம்ப மனசு வரவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, மூடி அனோடைஸ் பண்ணியது, அலுமினியம் தண்ணீரைத் தொடவே இல்லையே. இரண்டு, மூடிக்கும் செம்பு பிளாக்குக்கும் நடுவே இருப்பது ரப்பர் டியூப். மின்சாரம் எந்த வழியாகப் போகும்? சண்டைக்குக் கேட்கவில்லை, அப்பா கடைந்ததைக் குப்பையில் போட வேண்டுமா என்ற வயிற்றெரிச்சலில் கேட்கிறேன்.

---

வேதியியல்டீச்சர்:

பிளஸ் டூவுக்கு மின்வேதியியல் எடுப்பவள் என்பதால் உள்ளே வருகிறேன். என் மகனும் இப்படி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான், வீட்டில் எங்கே பார்த்தாலும் டியூப்.

செம்பின் நியம மின்முனை மின்னழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியம் −1.66. இரண்டையும் தொட வைத்துத் தண்ணீரில் போட்டால், அளவு குறைந்த அலுமினியம்தான் கரையும். அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேல் வளர்த்த ஆக்சைடு தோல், முழுசாக இருக்கும்வரை காப்பாற்றும். ஆனால் நீங்கள் மரையில் டேப் விட்டீர்களே தம்பி! அங்கே தோல் உரிந்து வெறும் அலுமினியம் வெளியே வந்துவிட்டது. அந்த மரையில்தான் பித்தளை ஃபிட்டிங்கை முறுக்கியிருக்கிறீர்கள். ரப்பர் டியூபைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, பித்தளையும் அலுமினியமும் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. உரிந்த இடம் சின்னது, எதிரில் இருக்கும் உலோகம் பெரியது. இப்படி அமைந்தால் அரிப்பு அந்தச் சின்ன இடத்திலேயே குவிந்து ஆழமாக இறங்கும்.

இன்னொன்றும் உண்டு. பூச்சு இல்லாத செம்பு ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் செம்பு அயனிகள் தண்ணீரோடு சுற்றி வந்து அலுமினியத்தின் மேல் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி பேட்டரி. அதற்கு ஒயரும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

அந்த வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு.

---

மீன்தொட்டி:

டீச்சருக்கு நன்றி, எனக்கே இப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

பிரிக்கும்போது சில விஷயம். பிளாக்கைத் திறந்தால் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் தகட்டின் திசையை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டி அவதிப்பட்டவர்கள் நிறைய. பழைய டூத் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு போதும். வினிகர் வேண்டாம். வெறும் செம்பு என்றால் பரவாயில்லை, நிக்கல் பூச்சை உரித்துவிடும். ரேடியேட்டரில் சூடான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து, தெளிவாக வரும்வரை விடாமல் செய்யுங்கள். மூடியை பித்தளையிலோ டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கிலோ மாற்றுங்கள். இந்த முறை அரிப்புத் தடுப்பும் பாசி மருந்தும் கலந்த லூப் கூலன்ட் ஊற்றுங்கள். அதை நம்பி பழைய மூடியையே திரும்ப மாட்டிவிட வேண்டாம்.

மறுபடி கோத்ததும் பம்புக்கு மட்டும் கரன்ட் கொடுங்கள். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் சேர்த்தால் பவர் சப்ளை ஓடும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். காற்று அடித்துச் சோதிப்பதென்றால் கேஜ் வைத்த கைப்பம்பில் அரை பார், அதற்கு மேல் வேண்டாம். அப்பா பட்டறையில் கம்ப்ரசர் இருக்கும், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அக்ரிலிக் வெடித்தால் ரிசர்வாயரோடு கண்ணும் போகும்.

---

மரைஆணி:

ஆறு நாள் கழித்து வருகிறேன்.

சிபியு பிளாக்கைத் திறந்ததும் பழைய சோற்றுத் தண்ணீர் வற்றிய மாதிரி வெள்ளைக் களி. தகடுகளில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. கார்டு பிளாக் அந்த அளவுக்கு இல்லை. கீழ்மூடியின் மரையிலிருந்து ஃபிட்டிங்கைக் கழற்றினேன். முதல் இரண்டு சுற்று மரை இருந்த இடத்தில் கறையான் தின்ற மாதிரி குழி. அனோடைஸ் இருந்த பக்கம் அப்படியே கறுப்பாக, புதுசாக இருக்கிறது. டீச்சர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அப்பாவிடம் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இதுல என்ன ஓடுதுன்னு சொன்ன?" என்றார். கூலன்ட் என்றேன். "கூலன்ட்னா எங்க லேத்துல ஊத்துற எண்ணெய் கலந்த பால்னு நெனச்சேன். அது துருப்பிடிக்க விடாது. வெறும் தண்ணின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அலுமினியத்தைத் தொட்டிருப்பனா? அதுல கொண்டுபோய் பித்தளைய முறுக்கியிருக்க!" முப்பது வருடம் பம்ப் பாகம் கடைந்தவர். வீட்டிலேயே ஆள் இருக்க, நான் ஆறு நாள் உங்களையெல்லாம் பாடாய்ப்படுத்தியிருக்கிறேன்.

டெல்ரின் வேண்டாம், பித்தளை கடைய சுகமாக இருக்கும் என்று, பட்டறையில் மிச்சமிருந்த ராடில் ஒரே மதியத்தில் இரண்டு மூடியும் போட்டுக் கொடுத்துவிட்டார். எடை மூன்று மடங்கு. ரிசர்வாயரைத் தாங்க கேபினெட் பக்கத்தகட்டில் கூடுதலாக ஒரு எல் பிராக்கெட் போட வேண்டியதாயிற்று. 24 மணிநேரம் டிஷ்யூ வைத்து ஓட்டினேன். ஒரே ஒரு ஃபிட்டிங்கில் ஈரம், ஓ-ரிங் பிதுங்கியிருந்தது. மாற்றியாகிவிட்டது.

நேற்று அதே ரெண்டர், அதே ஒரு மணிநேரம். அறை 28, தண்ணீர் 39, சிபியு 67, கார்டு 53. பம்ப் மறுபடி மூன்றில்.

கடைசியாக ஒன்று. பித்தளை மூடி இப்போது கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. வெளிப்பக்கம் கறுக்காமல் இருக்க ஏதாவது பூசலாமா?

---

வேதியியல்டீச்சர்:

வெளிப்பக்கம் மட்டும் கிளியர் லேக்கர் அடிக்கலாம். இல்லையென்றால் மாதம் ஒருமுறை புளி. ஆனால் மூடியைக் கழற்றி வைத்துத் தேயுங்கள் தம்பி, லூப்புக்குள் ரசம் வைத்துவிடாதீர்கள்.