கால் இல்லாத சிப்பாய் விண்வெளிக்குப் போகக்கூடாதா?

வால்மீன்: "விண்வெளிப் போர்க் கதையில கால் இல்லாத சிப்பாயா? அனுதாபத்துக்குச் சொருகினது, நம்பற மாதிரியே இல்ல"ன்னு நேத்து ஒருத்தர் உளறியிருந்தார். பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடருக்கு 1931-ல ரெண்டு காலும் போச்சு. 1940-ல போர் விமானம் ஓட்டினார். 1941-ல ஜெர்மன்காரங்ககிட்ட சிக்கினப்போ ஒரு செயற்கைக் கால் விமானத்துலயே மாட்டிக்கிச்சு. பிரிட்டிஷ் விமானம் வந்து புதுக் காலைப் பாராசூட்ல போட்டுட்டுப் போச்சு! கதையில எழுதியிருந்தா 'ஓவர்'னு சொல்லியிருப்பீங்க.

ராக்கெட்ராஜா: அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ஒளிவேகத்துல கப்பல் விடறவனுக்கு ஒரு கால் வளர்க்கத் தெரியாதா?

கடைசிபெஞ்ச்: 1969-ல நிலாவுக்கே போயாச்சு. ஜலதோஷத்துக்கு மருந்து வந்துடுச்சா?

ராக்கெட்ராஜா: ஜலதோஷம் வேற. கால் வளருமா, வளராதா?

வால்மீன்: எடையே இல்லாத இடத்துல காலை வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஜான் மெக்ஃபாலுக்கு வலது கால் கிடையாது. 2022-ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அவரை விண்வெளி வீரர் குழுவுல எடுத்துச்சு, 2025-ல நீண்ட பயணத்துக்கே மருத்துவத் தகுதி கொடுத்தாச்சு. அங்க உடம்புத் திரவம் மேல ஏறும். அதனால வெட்டினது போக மிச்சமிருக்கிற கால் பகுதி இளைச்சா செயற்கைக் கால் பொருந்துமாங்கறதுதான் கேள்வி. இந்த மாதிரிக் கேள்வியை எந்தக் கதாசிரியர் எழுதியிருக்காரு? அவங்களுக்கு இரும்புக் கையை மாட்டிவிட்டு சுவரை உடைக்க வைக்கத்தான் தெரியும்.

ராக்கெட்ராஜா: மெக்ஃபால் டாக்டர், சிப்பாய் இல்ல. கால் வளருமா?

நத்தைஓடு: கால் மட்டும்தானா? 1950-களோட கடைசியில அமெரிக்கக் கடற்படை காது கேளாத 11 பேரை விண்வெளி ஆய்வுக்கு எடுத்துச்சு. உள்காதுச் சமநிலை உறுப்பு வேலை செய்யாததால அவங்களுக்குக் குமட்டலே வராது. கொந்தளிக்கிற கடல்ல ஹாயா சீட்டாடினாங்க. ஆராய்ச்சியாளருங்கதான் சுருண்டு விழுந்து சோதனையையே நிறுத்தினாங்க.

ராக்கெட்ராஜா: சரி, காது கேக்காதவன் கட்டளையை எப்படிக் கேப்பான்?

வால்மீன்: வெற்றிடத்துல உங்களுக்கு மட்டும் கேக்குமோ?

ராக்கெட்ராஜா: ரேடியோன்னு ஒண்ணு இருக்கு, மேதாவி.

வால்மீன்: ஓ, போன மாசம் விண்வெளியில குண்டு 'டமால்'னு வெடிச்சதைத் தப்பில்லைன்னு வாதாடினது யாராம்? அப்ப யதார்த்தம் லீவுல இருந்துச்சா?

ராக்கெட்ராஜா: அது படம். சத்தம் ரசிகனுக்கு.

கடைசிபெஞ்ச்: அப்ப காலும் ரசிகனுக்குன்னு விட்டுடுங்களேன்.

ராக்கெட்ராஜா: நீங்க அவர் ஆளுன்னு தெரியும். நாலு நாளா லைக் போட்டுக்கிட்டே இருக்கீங்க.

கடைசிபெஞ்ச்: லைக்கைக் கூடவா எண்றீங்க!

வால்மீன்: எண்ணட்டும். பேடர் பத்தி ஒரு வரி பதில் வரல பாருங்க.

ராக்கெட்ராஜா: அது 1940. நான் கேட்டது எதிர்காலம். கால் வளருமா?