மெகலோடான் (அழிஞ்சுபோன ராட்சத சுறா) பல்லு ஒரிஜினலான்னு எப்படி பாக்க?

உவரிலேந்து எழுதுதேன். மாமா ஃப்ளோரிடாலேந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பல்லு கொண்டாந்திருக்காவ, பனங்கருப்பட்டி மாதிரி கருப்பு, நம்மூர் சுறா பல்லெல்லாம் வெள்ளையால்லா இருக்கும், இது பெயிண்டா?

பதில் 1: அண்ணாச்சி, பெயிண்ட்னு நினைக்காதீய. மண்ணுக்குள்ள லட்சக்கணக்கான வருஷம் கெடந்து தாது ஏறுனா கருத்துரும். ஓரத்துல நகத்த வச்சு இழுங்க, கருக்கருவா மாதிரி பொடிப்பல்லு வரிசையா தட்டுப்படும். வேருக்கும் பல்லுக்கும் நடுவுல வளைஞ்ச பட்டை ஒண்ணு இருக்கணும்.

பதில் 2: லென்ஸ்ல காத்துக்குமிழி தெரிஞ்சா ரெசின்ல வார்த்த டூப்பு. சுறாவுக்கு எலும்பு கெடையாது, குருத்தெலும்பு மக்கிரும், அதான் பெரும்பாலும் பல்லு மட்டும் மிஞ்சுது. பெருசு 18 செ.மீ. வரைக்கும் கெடச்சிருக்கு.

கேட்டவர்: பொடிப்பல்லு இருக்கு, பட்டையும் இருக்கு! தொட்டுட்டு இன்னும் கை நடுங்குது.